ஜப்பானிய அரிச்சுவடியில் ‘ப’ எங்கே போனது?

ஜப்பானில் தொடக்கப் பள்ளிச் சுவர்களில் ஓர் எழுத்து அட்டவணை மாட்டியிருப்பார்கள். வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். முதல் பத்தியில் மேலிருந்து கீழே அ, இ, உ, எ, ஒ. அடுத்த பத்தியில் க, கி, கு, கெ, கொ. இப்படிப் பத்துப் பத்திகள். ஒவ்வொரு பத்தியின் முதலெழுத்தையும் மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ.

எங்கோ கேட்ட வரிசையாக இருக்கிறதே என்று தோன்றினால் தவறில்லை. க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ என்று நாம் ஒப்பித்த அதே வரிசைதான். ஜப்பானிய மொழிக்குத் தனியெழுத்தாகத் தேவைப்படாத ங, ஞ, ட, ண, ல ஆகியவற்றை உதிர்த்துவிட்டால் மிஞ்சுவது க ச த ந ப ம ய ர வ. ஒரே ஓர் இடத்தில்தான் கால் இடறுகிறது. நகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவே பகரம் உட்கார வேண்டிய நாற்காலியில் ஹகரம் உட்கார்ந்திருக்கிறது.

பகரத்தை யார் எழுப்பிவிட்டார்கள் என்பதற்குப் போகும் முன், வரிசை ஏன் ஒன்றாக இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொண்டைப்பக்கம் தொடங்கி உதடு வரை, ஒலி பிறக்கும் இடங்களைப் படிப்படியாக அடுக்குவது இந்திய இலக்கண மரபின் வழக்கம். அதைக் கடல் கடத்தியவர்கள் பௌத்தத் துறவிகள். மந்திரத்தை மொழிபெயர்த்துச் சொன்னால் பலிக்காது, மூல ஒலியிலேயே சொல்ல வேண்டும் என்ற நம்பிக்கையால் அவர்கள் ‘சித்தம்’ என்ற எழுத்தைப் படித்தார்கள். பிராமியின் வழிவந்த எழுத்து அது. அந்த வகையில் தமிழ் எழுத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. 804இல் சீனா சென்று 806இல் திரும்பிய கூகாய் என்ற துறவி அந்தப் படிப்பை ஜப்பானில் ஊன்றியவர்களில் முக்கியமானவர். ஜப்பானியக் கல்லறைகளின் பின்னால் நட்டு வைக்கும் நீளமான மரப்பலகைகளில் இன்றும் சித்தம் எழுத்துகளைப் பார்க்கலாம். இப்படிப் பயின்ற துறவிகளின் மேசையிலிருந்துதான் ‘ஐம்பது ஒலிகள்’ எனப்படும் நம் அட்டவணை பிறந்தது. கிடைத்திருக்கும் மிகப் பழைய படிகள் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கூகாய்க்கும் முன்னால், 736இல், போதிசேனர் என்ற இந்தியத் துறவி ஜப்பானில் வந்து இறங்கினார். தென்னாட்டவர் என்று மரபு சொல்கிறது. 752இல் நாரா நகரின் தோதைஜி கோவிலில் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் அவரே. அதற்காக அவரைக் கானா எனப்படும் ஜப்பானிய அசையெழுத்தின் தந்தை ஆக்கிவிட முடியாது. ஜப்பானிய மொழியே தமிழோடு உறவுடையது என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ (1919–2008) பல ஆண்டுகள் வாதாடினார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. சொற்களில் உறவு தேடிக் களைத்தவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்து ஆறுதல் அடையலாம். இரத்த உறவுக்குச் சான்று இல்லாவிட்டாலும், இரண்டு பேரும் ஒரே திண்ணைப் பள்ளியில் படித்ததற்குச் சான்று சுவரிலேயே தொங்குகிறது.

வரிசை இந்தியாவிலிருந்து வந்தது. எழுத்து வடிவங்களோ சீனாவிலிருந்து வந்தவை. 8ஆம் நூற்றாண்டில் ஜப்பானியருக்குச் சொந்த எழுத்து கிடையாது. சீன எழுத்தின் பொருளை உதறிவிட்டு ஒலியை மட்டும் கடன் வாங்கி எழுதினார்கள். அந்த நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷூவில் உள்ள சுமார் 4,500 கவிதைகளில் இந்த முறையை ஏராளமாகக் காணலாம். ஓர் அசைக்கு ஒரு முழுச் சீன எழுத்து என்றால் கை ஓய்ந்துபோகும். எனவே எழுத்து இரண்டு வழிகளில் இளைத்தது. கடிதமும் கவிதையும் எழுதியவர்கள் வேகமாக எழுத எழுதக் கோடுகள் ஒன்றோடொன்று உருகி ஹிரகானா ஆயின. சூத்திரங்களைப் படித்த துறவிகளுக்கு வரிகளின் இடுக்கில்தான் குறிப்பெழுத இடம் இருந்தது. அவர்கள் எழுத்தின் ஒரு துண்டை மட்டும் கிள்ளி வைத்துக்கொண்டார்கள். அது கதகானா. ‘கத’ என்றால் துண்டு, பாதி.

‘க’ என்ற ஓர் எழுத்தை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். ‘சேர்’ என்று பொருள்படும் சீன எழுத்துதான் இதன் தாய். அதில் இடப்புறம் வளைந்த கொக்கி போன்ற ஓர் உறுப்பு; வலப்புறம் ஒரு சிறு சதுரம். சதுரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொக்கியை மட்டும் வைத்துக்கொண்டால் கதகானா க. ஹிரகானாவிலோ கொக்கி கொஞ்சம் குழைந்து நிற்கிறது. பக்கத்தில் இருந்த சதுரம் தூரிகையின் அவசரத்தில் தேய்ந்து தேய்ந்து ஒற்றைக் கீற்றாகத் தொங்குகிறது. தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கீற்றைப் பார்க்கும்போதெல்லாம் காணாமல்போன சதுரம் கண்ணில் படுகிறது.

கானா என்ற பெயரே ‘கரி-ந’, அதாவது இரவல் பெயர் என்பதிலிருந்து வந்தது. சீன எழுத்துக்கு ‘மன’, மெய்ப்பெயர். (அதையே இன்று கான்ஜி என்கிறார்கள், தமிழில் கொஞ்சம் அசந்து எழுதினால் சோற்றுக் கஞ்சியாகிவிடும்.) அரசாங்கமும் அறிவும் ஆண்களின் சீன எழுத்தில் நடந்தன, ஹிரகானாவைப் ‘பெண் கை’ என்றார்கள். 935 வாக்கில் கி நொ த்ஸுராயுகி என்ற கவிஞர் தம் பயண நாட்குறிப்பைக் கானாவில் எழுத விரும்பிப் பெண்ணாக வேடமிட்டு எழுதினார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனைப் பெண்ணான முராசாகி ஷிகிபு இதே ‘இரவல்’ எழுத்தில் எழுதிய கெஞ்சியின் கதை ஜப்பானிய உரைநடையின் சிகரமாயிற்று. மெய்ப்பெயரில் எழுதிய அன்றைய ஆண்களில் எத்தனை பேரை இன்று படிக்கிறார்கள்?

நம் எழுத்திலிருந்து கானா அடிப்படையில் வேறுபடுவது ஓர் இடத்தில். கி, கு, கெ எதை எழுதினாலும் அதற்குள் ககரத்தின் உடம்பு தெரியும். கானாவில் க, கி, கு மூன்றும் மூன்று ஊர். வடிவத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்று புழங்கும் 46 எழுத்துகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு வகை என்பதால் 92. அவற்றை ஒரே பத்தியில் நிறுத்தி, ‘இவை ஒரு வீட்டுப் பிள்ளைகள்’ என்று காட்ட மெய்யையும் உயிரையும் பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண்ணைத்தான் சித்தம் கொடுத்தது.

இனி நாற்காலிக்கு வருவோம்.

கானாவில் எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கீற்றுகள் போட்டால் ஒலி குழையும். ‘கங்கணம்’ என்பதன் முதல் ககரம் இரண்டாவது ககரமாக மாறுவதுபோல. தகரம் ‘பந்து’வில் வரும் தகரமாகும். வாய் இருக்கும் இடம் மாறுவதில்லை, தொண்டை மட்டும் அதிரும். ஆனால் ஹகரத்தின்மேல் அதே கீற்றுகளைப் போட்டால் என்ன வருகிறது? ‘பம்பரம்’ என்பதில் உள்ள இரண்டாவது பகரம். தொண்டையில் பிறக்கும் ஹகரம் எப்படி ஒரே தாவலில் உதட்டுக்கு வரும்? வராது. ஆனால் பம்பரத்தின் முதல் பகரம் இரண்டாம் பகரமாக எளிதில் மாறும். ஹகரம் ஒரு காலத்தில் பகரமாக இருந்தது என்பதற்கு எழுத்தே தரும் வாக்குமூலம் இது. உவேதா கசுதோஷி என்ற மொழியியலாளர் 1898இல் இதை விளக்கி எழுதினார். அட்டவணை போட்ட துறவிகள் தடுமாறவில்லை. உதட்டில் பிறக்கும் ஒலியை உதட்டொலியின் இடத்தில் வைத்தார்கள். பிறகு வந்தவர்களின் வாய்தான் மாறிவிட்டது.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. பகரம் முதலில் இரண்டு உதடுகளுக்கும் நடுவே காற்றை ஊதும் ஃபகரமாகத் தளர்ந்தது. 1516ஆம் ஆண்டின் விடுகதைத் தொகுப்பு ஒன்றில் ஒரு புதிர் வருகிறது: ‘அம்மாவுக்கு இரண்டு முறை சந்திக்கும், அப்பாவுக்கு ஒரு முறைகூடச் சந்திக்காது. அது என்ன?’ விடை, உதடு. இன்று அம்மாவுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஹஹ’, அப்பாவுக்குச் ‘சிச்சி’. ஹஹ என்று எத்தனை முறை சொன்னாலும் உதடுகள் ஒட்டப்போவதில்லை, விடுகதை விளங்காது. அன்று அந்தச் சொல் ‘ஃபஃப’ போல ஒலித்திருந்தால்தான் உதடுகள் இரண்டு முறை நெருங்கும்.

அடுத்த சாட்சிகள் போர்ச்சுகீசியப் பாதிரிமார்கள். 1592இல் அமக்குசா தீவில் அவர்கள் ரோமன் எழுத்தில் அச்சிட்ட நூலின் முகப்பில் நாட்டின் பெயர் ‘நிஃபொன்’ என்று இருக்கிறது. இன்றைய உச்சரிப்பு நிஹொன். இரட்டித்த இடத்தில் மட்டும் பழைய பகரம் அசையாமல் நின்றுவிட்டதால் நிப்பொன் என்ற இன்னொரு பெயரும் புழங்குகிறது. தபால்தலையிலும் பணத்தாளிலும் ரோமன் எழுத்தில் இருப்பது அதுதான். எது சரி என்று கேட்டதற்கு இரண்டும் சரியே என்று 2009இல் ஜப்பான் அமைச்சரவை பதில் சொன்னது. ஒரே நாட்டின் பெயரில் ப, ஃப, ஹ மூன்று படிகளும் பதிவாகியிருப்பது மொழியியலாளர்களுக்கு அடித்த அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் நம்பத் தயங்குபவர்கள் ஜப்பான் வரை போக வேண்டியதில்லை, பெங்களூர் பஸ்ஸில் ஏறினால் போதும். நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு, பள்ளி ஹள்ளி. பழங்கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தில்தான் தொடங்கின. அங்கேயும் இரட்டித்த பகரம் தப்பித்துக்கொண்டது: உப்பு உப்பாகவே இருக்கிறது, அப்பா அப்பாவாகவே இருக்கிறார், நிப்பொன் நிப்பொன்னாக இருப்பதுபோல. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே விதியில் நடந்திருக்கின்றன.

பகரம் அடியோடு அழிந்துவிடவும் இல்லை. பளபளப்பைச் சொல்லும் ‘பிகபிக’ போன்ற இரட்டைக்கிளவிகளில் அது ஒளிந்துகொண்டது. குழந்தைகளுக்குப் பழக்கமான பிகாச்சுவின் முதல் பாதி இதுதான். ஒளிக்கு ஜப்பானியச் சொல் ‘ஹிகரி’. இரண்டும் ஒரே வேர் என்று கருதுகிறார்கள். அகராதிச் சொல் ஹகரத்துக்கு மாறிவிட, விளையாட்டுச் சொல் பழைய உதட்டோடு நின்றது. உகரத்தோடு சேரும்போது ஃபகரமும் பிழைத்தது. அதனால்தான் ஹா, ஹி என்று போகும் பத்தியில் திடீரென்று ஃபு வருகிறது. ஃபுஜி மலை ஹுஜி ஆகவில்லை.

சொல்லின் நடுவில் வந்த ஹகரத்துக்கு வேறு கதி. அது வகரமாக இளகிவிட்டது. ஆற்றுக்கு ‘கவ’ என்று சொல்லிக்கொண்டே நூற்றாண்டுக் கணக்கில் ‘கஹ’ என்று எழுதினார்கள். வண்ணத்துப்பூச்சியைச் ‘சோ’ என்று நீட்டிச் சொல்லிவிட்டு ‘தெஃபு’ என்று எழுதினார்கள். 1946இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, சொல்வதுபோலவே எழுதுங்கள் என்றது. ஆனால் சீர்திருத்தம் செய்தவர்களுக்கும் சில இடங்களில் கை நடுங்கியிருக்கிறது. பேசுபொருளைச் சுட்டும் இடைச்சொல்லை இன்றும் ‘வ’ என்று சொல்லி ‘ஹ’ என்றுதான் எழுத வேண்டும். வணக்கம் சொல்லும் ‘கொன்னிச்சிவ’ என்பதன் கடைசி எழுத்து ஹகரம்தான். புதிதாகப் படிப்பவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் தூண் இது.

அந்த இரண்டு கீற்றுகளுமே பழைய ஏடுகளில் கட்டாயம் இல்லை. க என்று எழுதியிருப்பார்கள். எங்கே வலிந்து படிப்பது, எங்கே குழைத்துப் படிப்பது என்பது படிப்பவர் பொறுப்பு. தமிழருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது, நாம் இன்றுவரை அப்படித்தான் வாழ்கிறோம். 1889ஆம் ஆண்டின் மெய்ஜி அரசியல் சட்டம்கூடக் கீற்றுகள் இல்லாத கதகானாவில்தான் எழுதப்பட்டது. சொற்கள் சேரும்போது பின்சொல்லின் முதலெழுத்து குழைவதும் உண்டு. காகிதத்துக்குக் ‘கமி’ என்று பெயர். மடிப்போடு சேர்ந்தால் ஓரிகாமி, அங்கே ககரம் குழைகிறது. பூவுக்கு ‘ஹன’, பூ அலங்காரம் இக்கெபானா. மறுபடியும் பாருங்கள், ஹகரம் குழையும்போது உதட்டுக்குத்தான் ஓடுகிறது.

‘ஐம்பது ஒலிகள்’ வந்த பிறகும் நெடுங்காலம் மக்கள் எழுத்துப் பழகியது வேறொரு வரிசையில். ‘இரொஹ’ என்ற கவிதை 47 கானாக்களையும் ஒவ்வொன்றை ஒரே முறை பயன்படுத்தி, மணக்கும் மலரும் உதிரும், யார்தான் நிலைப்பார் என்ற பௌத்தக் கருத்தையும் சொல்லி முடித்துவிடும். கூகாய் எழுதியது என்று ஐதீகம். 1079ஆம் ஆண்டின் ஏடு ஒன்றில்தான் முதலில் காணக் கிடைக்கிறது. இதைவிடப் பழைய ‘அமெத்சுச்சி’ என்ற பாட்டில் எழுத்துகள் 48. அதில் எகரம் இரண்டு முறை வருகிறது. ஒன்று எ, இன்னொன்று யெ. 10ஆம் நூற்றாண்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கூகாய் 835இல் இறந்தவர். அவர் வாழ்ந்தபோது யெ உயிரோடு இருந்தது. அவர் எழுதியிருந்தால் 48 இருந்திருக்க வேண்டும். ஓர் எழுத்துக் குறைந்ததால் ஓர் ஐதீகம் கலைந்தது.

இரொஹ வரிசை இன்னும் சாகவில்லை. சங்கீதத்தில் அவர்களின் ஸ்வரப் பெயர்கள் இ, ரொ, ஹ, நி என்றே போகும். ரயில் பெட்டியின் பக்கவாட்டில் ‘ஹ’ என்றிருந்தால் சாதாரண வகுப்பு, ‘ரொ’ என்றிருந்தால் கூடுதல் கட்டணம். 1946 சீர்திருத்தம் ஒதுக்கிய வி, வெ என்ற இரண்டு எழுத்துகளும் மதுக்கடையில் பிழைத்துக் கிடக்கின்றன: நிக்கா விஸ்கியின் பெயரில் பழைய வி, எபிசு பீரின் பெயரில் பழைய வெ.

மாத்திரைக் கணக்குக்கு வந்தால் தமிழ்க் காது ஆதாயத்தில் இருக்கிறது. ஒபஸன் என்றால் அத்தை, ஒபாஸன் என்றால் பாட்டி. கிதெ என்றால் ‘வந்து’, கித்தெ என்றால் தபால்தலை. ஐரோப்பியர்கள் திணறும் இந்த வேறுபாடுகள் படி-பாடி, எடு-எட்டு என்று வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு தகராறு. நம் கணக்கில் மெய்க்கு அரை மாத்திரை. அவர்கள் ‘ன்’ என்ற எழுத்துக்கும், ஒற்று இரட்டிக்கும்போது விழும் இடைவெளிக்கும் முழு மாத்திரை கொடுக்கிறார்கள். நி-ப்-பொ-ன் நான்கு, நி-ஹொ-ன் மூன்று. நீட்டிச் சொல்லும் தோக்கியோவும் நான்கு. ஹைக்கூவின் ஐந்து-ஏழு-ஐந்து என்பது இந்தக் கணக்கில்தான். அசையை எண்ணித் தமிழில் ஹைக்கூ எழுதுபவர்கள் வேறு ஏதோ எண்ணுகிறார்கள்.

உகரமும் நமக்குச் சொந்தக்காரர் போலத்தான். ஜப்பானியர் அதை உதடு குவிக்காமல் சொல்கிறார்கள், நம் குற்றியலுகரம் மாதிரி. ‘தெசு’ என்று எழுதியதைத் ‘தெஸ்’ என்று விழுங்கிவிடுவார்கள். தூய ஜப்பானியச் சொல் எதுவும் ரகரத்தில் தொடங்காது. நாம் இராமன், உருசியா என்று முட்டுக்கொடுத்த காலம் உண்டு. எடோ காலத்தில் (1603–1868) அவர்கள் ரஷ்யாவை ‘ஒரோஷிய’ என்று அழைத்தார்கள்.

அயற்சொல் எல்லாம் கதகானாவின் பொறுப்பு. ரொட்டிக்கு அவர்கள் சொல் ‘பன்’. யாழ்ப்பாணத்துப் பாணும் அதுவும் ஒரே போர்ச்சுகீசிய அடுப்பில் சுட்டவை. பழைய பகரம் போன வீட்டுக்குப் புதிய பகரம் இப்படிக் கப்பல் ஏறி வந்து சேர்ந்தது. அதைக் குறிக்க ஹகரத்தின் மூலையில் ஒரு குட்டி வட்டம் போடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் முடிவில் பாதிரிமார்கள் அச்சிட்ட நூல்களிலேயே அந்த வட்டம் இருக்கிறது. நாம் ஆய்தத்தைத் துணைக்கு அழைத்து ஃபோன் எழுதுவதுபோல அவர்கள் ஃபுவுக்குப் பக்கத்தில் சிறிய ஒகரம் எழுதி ஒப்பேற்றுகிறார்கள்.

இந்த வட்டத்தின் கதி இன்று எப்படி இருக்கிறது என்பதை ஜப்பானியர் ஒருவர் செல்பேசியில் தட்டெழுதும்போது பார்க்கலாம். திரையில் பத்து விசைகள்: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. துறவிகளின் வரிசை அப்படியே. விசையைத் தொட்டால் அகரம். இடப்பக்கம் இழுத்தால் இகரம், மேலே உகரம், வலப்பக்கம் எகரம், கீழே ஒகரம். நிப்பொன் என்று எழுதக் கட்டைவிரல் நகரத்தை இடப்பக்கம் இழுக்கிறது. தகரத்தை மேலே தள்ளிச் சிறிதாக்கி இரட்டிப்புக் குறி போடுகிறது. ஹகரத்தைக் கீழே இழுத்தால் ஹொ; மாற்று விசையை ஒரு முறை தட்டினால் குழைந்த பொ, இன்னொரு முறை தட்டினால்தான் வலிந்த பொ. கடைசியாக வகரத்தை மேலே தள்ளி ன். இவ்வளவும் முடிந்ததும் திரையில் இரண்டு சீன எழுத்துகள் வந்து நிற்கும். பகரத்தின் பக்கமே போகாமல் நிஹொன் என்று எழுதியிருந்தாலும் அதே இரண்டு எழுத்துகள்தான் வந்திருக்கும்.